எங்கள் வண்டி ஊற்றிய ஒரு அகப்பைக் கஞ்சி

எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு நாலு சக்கரம் இருந்தது.

உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்தில் கழித்துவிட்ட வேன் அது. திருச்சியில் பல்பொடி தயாரித்த ஒரு முதலாளி அதை ஏலத்தில் எடுத்து, பின்பக்கம் பலகைக் கூடு கட்டி, மேலே குழாய் ஒலிபெருக்கி ஒன்றை மாட்டி, என் கையில் கொடுத்தார். புதுக்கோட்டைச் சீமைச் சந்தைகளில் பல்பொடி விற்பது என் வேலை. ஓட்டுவதும் நான், கூவுவதும் நான். பள்ளிக்கூடம் என்னை வெகுநாள் வைத்துக்கொள்ளவில்லை. மைல்கல்லிலும் கடைப் பலகையிலும்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். பேச்சு மட்டும் ஜனங்களிடம் கேட்டுக் கேட்டு வந்தது. இன்றைக்கும் ஒருவர் முகம் எனக்கு மறந்துபோகும், அவர் சொன்ன வார்த்தை மறக்காது.

கூட்டுக்குள் பல்பொடிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் படுக்கிற பலகை இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை இரண்டு ஆள் பலகையாக அகலப்படுத்தினேன். மண்ணெண்ணெய் ஸ்டவ் வைக்க ஒரு மூலை, கஞ்சிப்பானை தொங்க ஒரு உறி, சாக்குத்துணித் திரை. அவ்வளவுதான் குடித்தனம்.

என் மனைவி கட்டுமாவடிப் பெண். தாய் பிரசவத்தோடு போய்விட, பிறந்த பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அந்தப் பிள்ளைதான் என் மச்சினன். தகப்பனாரான அத்தாவும் கண்ணை மூடிய பிறகு, தம்பி மீசை வைக்கிறவரைக்கும் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். அவனுக்கு மீசை வந்தது, எனக்கு அவள் வந்தாள்.

எங்கள் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "பொண்டாட்டிய லோடோட லோடா ஏத்திக்கிட்டுத் திரியிறான்" என்றார்கள். அவள் அதற்கெல்லாம் சளைக்கவில்லை. "ஒங்களுக்கெல்லாம் ஒரே வாசல். எனக்கு நித்தம் ஒரு வாசல்" என்று பதில் கொடுத்தாள். ஆனால் என்னிடம் தனியாக ஒரு நாள் சொன்னாள்: "உறை மோரு கேட்டு ஒருத்தி வந்து நின்னாத்தாங்க அது வீடு. நம்ம கதவ எவ தட்டுறா?"

நான் சொல்ல வருவது ஐம்பதுகளின் முற்பகுதியில் ஒரு கார்த்திகை மாதத்துக் கதை. முந்தின இரண்டு வருஷம் போலவே அந்த வருஷமும் ஐப்பசி முழுக்க வானம் வெளுத்தே கிடந்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் எல்லாமே வானம் பார்த்த பூமி. முந்திரி மரங்கள்கூட இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன. ஒரு வியாழக்கிழமை, ரோட்டோரத்துக் கிராமம் ஒன்றில், வறண்ட கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். அவள் உள்ளே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

அப்போது பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் வந்த அம்மாளின் இடுப்பில் பெரிய மண்பானை. காது வளர்த்த, நல்ல கனத்த குரல்காரி. அவர் பேர் கடைசிவரை எனக்குத் தெரியாது. பானைக்காரம்மா என்றே சொல்லி வந்திருக்கிறேன். அவர் வண்டியின் பின்கதவை விரல் முட்டியால் தட்டினார்.

"வீட்ல யாரு இருக்கீங்க?"

என் மனைவி திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மழைச்சோத்துக்குக் கஞ்சி எடுக்குறோம் தாயீ. உப்புப் போடாத கஞ்சி ஒரு அகப்பை ஊத்து."

"எங்கிட்டயா கேக்குறீங்க? நாங்க ஊரு இல்லயே. கடக்கரைக்காரவுங்க."

"இன்னைக்கி இந்த ஊருக்குள்ள அடுப்பு எரியிற வீடெல்லாம் கணக்குத்தான். ஒன் அடுப்பு எரியிதா இல்லையா?"

"எரியிது."

"அப்ப ஊத்து. ஒரு வீட்ட விட்டாலும் மழை வராது. அப்புறம் பாய் வீட்டாலதான் வரலைன்னு ஒன்னத்தான் வைவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். ஆனால் அகப்பையை எடுக்கத் திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பாய் வீடு என்று சொல்லிவிட்டார்களே. முதன்முதலாக ஒருத்தி எங்கள் கதவைத் தட்டிவிட்டாள். என் மனைவி ஒரு அகப்பைக்கு இரண்டு அகப்பையாக ஊற்றப் போனாள். பானைக்காரம்மா கையைப் பிடித்துத் தடுத்தார். "எல்லா வீட்டுக்கும் ஒரு அகப்பைதான். மழையில ஒனக்கு மட்டும் என்ன ரெட்டைப் பங்கு?"

மழைச்சோறு என்றால் அந்தப் பக்கத்து வழக்கம் இதுதான். மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகக் கஞ்சி வாங்கி ஒரே பானையில் கலக்கி, கண்மாய்க்குள் வட்டமாக உட்கார்ந்து, இந்த ஊரில் பிழைக்க வழியில்லை, போகிறோம் என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, ஆளுக்கொரு கை குடிப்பார்கள். என் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். "வாயத் தொறந்து கேளு தாயீ" என்றார் பானைக்காரம்மா. அவளும் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, கையை ஏந்தி, "ஆண்டவனே, கம்மா நெறையப் பெய்யணும்" என்று மனமாரக் கேட்டாள். புயல் மாதமான கார்த்திகையில், கடற்கரையில் எந்தப் பெண்ணும் வாய் திறந்து மழை கேட்கமாட்டாள். அது அப்போது எங்கள் இருவருக்குமே நினைவில் இல்லை.

சனிக்கிழமை காலை கந்தர்வக்கோட்டையில் கடை போட்டோம். அங்கே எங்களுக்குத் தெரிந்த கட்டுமாவடிக் கருவாட்டு வியாபாரி ஒருவர் வந்திருந்தார். என் மனைவியைப் பார்த்ததும், "ஒந்தம்பி இப்ப மொதலாளியாக்கும்" என்றார். மச்சினன் சொந்தமாக ஒரு வத்தை வாங்கியிருந்தான். வத்தை என்பது எங்கள் கடலில் ஓடும் சின்னப் படகு. வெள்ளிக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். "நேத்துத் தொழுகையில பாத்தேன். இன்னைக்கி விடிய மொத தொழிலுக்கு எறங்கியிருப்பான். லாத்தாகிட்டச் சொல்லுங்க, மொத மீன அவளுக்குத்தான் வச்சிருக்கேன்னு சொன்னான்" என்றார் வியாபாரி. அக்காளை அவன் லாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சம் மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. முதலில் காற்று விழுந்து, சந்தை முழுக்க ஒரு புழுக்கம். பிறகு கிழக்கே வானம் ஈயச்சட்டி மாதிரி கறுத்துக் குமுறிக்கொண்டு வந்தது. குழாய் ஒலிபெருக்கி தானாகவே ஊதத் தொடங்கியது. சந்தையில் அத்தனை பேரும் எழுந்து நின்று வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கருவாட்டு வியாபாரியும் என் மனைவியும் மட்டும் சிரிக்கவில்லை.

"இது சும்மா மழை இல்லங்க" என்றாள் அவள். "வண்டிய எடுங்க. ஊருக்குப் போவோம்."

முதலாளிக்கு என்ன சொல்வது என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்தேன். புதுக்கோட்டை போய், ஆலங்குடி, அறந்தாங்கி வழியாகக் கட்டுமாவடி. எல்லாரும் புயலை விட்டு ஓடுவார்கள். நாங்கள் அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தோம்.

மழை சாய்ந்து அடித்தது. கண்ணாடி துடைக்கிற கை எப்போதோ செத்துப்போயிருந்தது. அதன் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஒரு முனையை நான் என் ஜன்னல் வழியாக இழுக்க, மறுமுனையை அவள் அவளுடைய ஜன்னல் வழியாக இழுக்க, இழுக்கிற நேரத்துக்கு மட்டும் ரோடு தெரிந்தது. கண்ணாடியில் பல்பொடி தேய்த்தால் தண்ணீர் நிற்காது என்று எனக்கு ஒரு யோசனை வந்து தேய்த்தேன். கண்ணாடி முழுக்க ரோஸ் நிற நுரை. வேறு நாளாக இருந்தால் அவள் அதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கயிற்றை இழுத்தபடியே சொன்னாள்: "நாந்தாங்க கேட்டேன்."

"என்னத்த?"

"மழைய. கையேந்தில்ல கேட்டேன். அவன் கடல்ல எறங்குற நேரம் பாத்து நான் இங்கிட்டு ஒக்காந்து பெய்யின்னு கேட்டுருக்கேன்."

"ஊரே கேட்டுச்சு. நீ கேட்டா வந்துச்சு?"

"ஒரு வீட்ட விட்டாலும் வராதுன்னாங்களே. நான் ஊத்தாம இருந்திருந்தா வந்திருக்காதுல்ல."

நாள் முழுக்க வாயால் பிழைக்கிறவன் நான். கயிற்றை இழுத்தேன்.

மழைச்சோறு எடுத்த அந்த ஊர் வந்தது. ரோட்டை மறித்துக்கொண்டு ஊரே நனைந்தபடி நின்றது. கண்மாய்க்கு வரத்துக்கால் வழியாகச் செந்தண்ணீர் புரண்டு வந்துகொண்டிருந்தது. எங்கள் வண்டியைக் கண்டதும் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"மழைச்சோத்துக்கு ஊத்துன வீடு வந்துருச்சுடி."

"பாய், எறங்குங்க. மழையோட வந்தவுகள வெறும் வயித்தோட அனுப்பமாட்டோம்."

மறுத்தால் விடமாட்டார்கள். கூரைச் சாய்ப்புக்குள் கூட்டிப்போய், கருப்பட்டி போட்ட அரிசிச்சோற்றை இலையில் வைத்தார்கள். என் மனைவி ஒரு கை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோனாள். வைத்துவிட்டாள்.

பானைக்காரம்மா அவள் எதிரே குந்தினார். "ஏன் தாயீ மொகம் செத்துக் கெடக்கு? பாய் ஏதும் வஞ்சாகளா?"

அவள் இலையையே பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. மூன்று வருஷமாக மழை பார்க்காத ஊர்; அங்கே பெய்கிற மழையை ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லக்கூடாது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அவ தம்பி இன்னைக்கி விடியக் கடலுக்குப் போயிருக்கான். தாயில்லாத பிள்ளை. இவதான் வளத்தா. தானும் மழை கேட்டோமேன்னு மருகுறா" என்றேன்.

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நேரம் சிரித்ததற்கு வெட்கப்பட்டவர்கள் மாதிரி எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

பானைக்காரம்மா எழுந்து மழைக்குள்ளேயே தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் உப்பில்லாத கஞ்சிச் சட்டியும் அகப்பையும். "ஒன் பானைய எடுத்தா" என்றார் என் மனைவியிடம். அவள் புரியாமல் வண்டியிலிருந்து கஞ்சிப்பானையை எடுத்து வந்து நீட்டினாள். அந்த அம்மாள் ஒரே ஒரு அகப்பை, தளும்பாமல் மோந்து, அதில் ஊற்றினார்.

"இந்தா. நீ ஊத்துனதத் திருப்பிக் குடுத்துட்டேன். எல்லாரும் பாத்துக்கங்கடி. இந்த மழையில இவளுக்குப் பங்கு இல்ல. கேட்டது நாங்க. வந்தது எங்களுக்கு. கேக்குறவன் நாளைக்கி எங்களக் கேக்கட்டும், நாங்க பதில் சொல்லிக்கிறோம்."

என் மனைவி பானையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அம்மாள் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "அழுது நேரத்தப் போக்காத. இத ஒந்தம்பிக்குக் கொண்டுபோயிக் குடு. போறப்ப சிந்திப்புடாத, எங்க ஊரு அரிசி." பிறகு என்னைப் பார்த்து, "பாய், நீங்க மெதுவா ஓட்டுங்க. பல்லு வெளக்க ஊருல ஆளு மிஞ்சணும்" என்றார். புகையிலை ஒன்றை நனைத்துக் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்தும் விட்டார். பல்பொடி கெடுத்ததைப் புகையிலை சரிசெய்தது.

அதன்பிறகு கயிற்றின் இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுக்கிற வேலை எனக்கு மட்டும்தான். அவள் இரண்டு கையாலும் பானையை மடியில் பிடித்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பானையோடு சேர்ந்து எழும்பி, சேர்ந்து இறங்கினாள். ஆலங்குடி தாண்டி ஒரு தரைப்பாலத்தில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. அந்த ஊர் ஆட்கள் கம்புகளை ஊன்றிக்கொண்டு ரோட்டின் இரண்டு விளிம்பிலும் வரிசையாக நின்றார்கள். "எங்களுக்கு நடுவுல வாங்க பாய். எங்கள இடிச்சா மட்டும் தப்பு" என்றார் ஒருவர். அந்த மனிதச் சுவருக்கு நடுவே வண்டியை விட்டேன். தண்ணீர் கூட்டுக்குள் புகுந்து பல்பொடிப் பெட்டிகளை எல்லாம் கரைத்துவிட்டது. அறந்தாங்கி போய்ச் சேர்ந்தபோது வண்டியின் அடியிலிருந்து ரோஸ் நுரை ஒழுகிக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஒதுங்கி நின்ற ஒரு கிழவர், "பாய், ஒங்க காரு வெத்தல போட்டுத் துப்புது" என்றார். அப்போதுதான் அவள் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

அதற்கு மேல் அன்றைக்குப் போக முடியவில்லை. பனைமரங்கள் ரோட்டில் விழுந்து கிடப்பதாகச் சொன்னார்கள். ஒரு அரிசி மில்லின் சுவரை ஒட்டி வண்டியை அணைத்து நிறுத்தினேன். காற்று கூட்டைப் பிடித்து உலுக்கியது. அவள் படுக்கவில்லை. பானையை உறியில் மாட்டச் சொன்னேன், கேட்கவில்லை.

விடிந்தபோது காற்று இறங்கியிருந்தது. கோடாலியோடு வந்த ஆட்கள் மரத்தை வெட்டி வெட்டி வழிவிட, நாங்கள் அவர்கள் பின்னாலேயே போனோம். வழியில் எதிரே வருகிறவர்களிடம் எல்லாம் கட்டுமாவடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கெடக்கு" என்றார் ஒருவர். "போய்ப் பாருங்க" என்றார் இன்னொருவர். அதற்குமேல் கேட்கவேண்டாம் என்று அவள் என் கையைத் தொட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் ஊருக்குள் நுழைந்தோம். கடல், குடிசைகளுக்கு நடுவே வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. தெருவில் சேறும் வலையும் கோழிக்கூடும் ஒன்றாய்ச் சுருண்டு கிடந்தன. பிழைத்த சனம் எல்லாம் பள்ளிவாசலில் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டுக் கூட்டம் திரும்பியது. நான் அவர்கள் முகங்களில் தேடிக்கொண்டிருந்தபோதே, படிக்கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருவன் கையைத் தூக்கினான்.

"என்ன லாத்தா, வீட்டோட வந்துட்டே?"

கணுக்காலில் துணிக்கட்டு. முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. சனிக்கிழமை விடியலில் கடலின் நிறம் பிடிக்காமல் வத்தையைத் திருப்பியிருக்கிறான். காற்று அவனைக் கரைக்கு விடாமல் தெற்கே தள்ளிக்கொண்டுபோய், மணமேல்குடிப் பக்கத்துச் சேற்றில் எறிந்திருக்கிறது. வத்தை பலகை பலகையாய்ப் போய்விட்டது. அவன் மட்டும் கரையோரமாக நொண்டி நொண்டி, அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருக்கிறான்.

அவள் ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. பானை சிந்திவிடுமே. மெதுவாக நடந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையையும் முதுகையும் கையையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கடைசியில் பானையை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"குடி."

"என்ன இது, புளிச்சுக் கெடக்கு? உப்பும் இல்ல."

"குடிடான்னா."

அவன் குடித்தான். பாதி குடித்ததும் அவள் சொன்னாள்: "இந்த மழைய நான் கேட்டேன்டா, தம்பி. அங்கிட்டு மழைச்சோறு எடுத்தாக. நானும் ஊத்துனேன். நானும் கேட்டேன்." திருப்பி ஊற்றிய கதையையும் சொன்னாள். திருப்பிக் கொடுத்த பிறகும் அவளுக்கு இதை அவனிடம் சொல்லாமல் தீரவில்லை. நான் சற்றுத் தள்ளி நின்றேன். புது வத்தையை ஒரே நாளில் பறிகொடுத்தவன் என்ன சொல்லப் போகிறானோ என்று அவன் வாயையே பார்த்தேன்.

அவன் வாயைப் புறங்கையால் துடைத்தான். கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்தான்.

"கம்மா நெறஞ்சுச்சா?"

"நெறஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"ரோட்டுக் கம்மாதானே? பெருசா?"

"பெருசுதான்."

"அப்பப் பங்குனி மாசம் அவுக அறுப்பாக. நம்ம கருவாடு விக்கும்" என்றான். "அழுவாத லாத்தா. மூணு வருசமா அங்கிட்டு வெளையாம இங்கிட்டு எவன் கருவாடு வித்தான்? வத்த போனாப் போகுது. மாமன் படகுல ஒரு வருசம் கூலிக்கிப் போறேன்." பிறகு பானைக்குள் எட்டிப் பார்த்து, அடியில் ஒரு வாய்க் கஞ்சியை மிச்சம் வைத்து அவளிடம் நீட்டினான். "மொத மீனு ஒனக்குன்னு சொன்னேன். மீனு போச்சு. இதக் குடி."

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து எதுவும் தொண்டையில் இறங்காதவள், அதைக் குடித்தாள்.

பல்பொடி முதலாளி என்னைத் திட்டினார். பிறகு அவரே சிரித்துவிட்டு வண்டியைக் கழுவச் சொன்னார். அந்தப் பங்குனியில் கருவாடு விற்றது. மச்சினன் மறுபடி வத்தை வாங்க இரண்டு மூன்று வருஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகு இன்னொரு வறட்சி வருஷம் வந்தது. அப்போது எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. அதுவும் அந்த வண்டியில்தான் தவழ்ந்தது. அதே கண்மாய்க் கரையில் வண்டி நின்றது. அதே பானையோடு, கொஞ்சம் நரைத்துப்போன அந்த அம்மாள் வந்து கதவைத் தட்டினார்.

"வீட்ல யாரு இருக்கீங்க?"

என் மனைவி குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். "ஊத்துறேன், ஆனா இன்னைக்கி இல்ல" என்றாள். "கடக்கரைக்குச் சொல்லி அனுப்பிட்டு ஊத்துறேன். எந்தம்பியும் மத்தவுகளும் கரையில இருக்காகளான்னு தெரியணும்."

சின்ன வயசுப் பெண்கள் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். பானைக்காரம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பானையை இடுப்பிலிருந்து இறக்கி எங்கள் வண்டிப் படியில் வைத்தார்.

"சொல்லி அனுப்பு தாயீ. இத்தன மாசம் பொறுத்தோம், ரெண்டு நாளு பொறுக்கமாட்டமா? பான இங்கயே இருக்கட்டும்."

அறந்தாங்கி போகிற பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். பதில் வரும்வரை அந்த ஊர் மழை கேட்காமல் இருந்தது. எல்லாரும் கரையில்தான் இருக்கிறார்கள், இரண்டு நாளைக்கு இறங்கமாட்டார்கள் என்று மறு பஸ்ஸில் சேதி வந்ததும், அவள் அகப்பையை எடுத்தாள்.